மருந்துக்காக நடந்தவர்

தவளக்குப்பத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த வயலுக்கு, காசநோயாளியிடம் குறை கேட்க ஜீப்பில் வந்திறங்கினார் அதிகாரி சக்கரபாணி. வேப்பமரத்தடியில் எலும்பும் தோலுமாக ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கட்டுமஸ்தான இன்னொருவர் அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கியவரிடம் அதிகாரி கேட்டார்.

“மருந்துக்காகத் தினம் எவ்ளோ தூரம் நடக்கறீங்க?”

“போக வர பதினஞ்சு கிலோமீட்டருங்க. கிடை வேற இன்னிக்கு ஒரு ஊருல, நாளைக்கு ஒரு ஊருல. வெயிலு, நாய்த் தொல்லை...”

“நடுவுல விட்டுட்டீங்களா?”

“ஆறு மாசமா ஒருநாள் கூடத் தவறலீங்க.”

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். “உங்கள மாதிரி ஒரு நோயாளிய நான் பாத்ததே இல்ல!”

“ஐயய்யோ, நான் தினம் மருந்து கொண்டாந்து குடுக்கற ஆஸ்பத்திரி கம்பவுண்டருங்க. நோயாளி இவரு, கொளஞ்சி!”

மோர் ஊற்றியவர் சிரித்தார்.

“எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. இவருக்குத்தான் ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க.”