துரையின் சேட்டை

தையல் கம்பெனி வேலை முடிந்து இலவசப் பாலர் பள்ளிக்கு வந்தவளை டீச்சர் வாசலிலேயே மடக்கினார்.

"உங்க வீட்டு துரை இன்னிக்கு என்ன பண்ணார் தெரியுமா? சறுக்கு மரத்தை விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டார். மத்த பிள்ளைங்க எல்லாம் ஒரே அழுகை!"

"வீட்லயும் இதே அடம்தான் டீச்சர்."

"தூங்க வச்சா, பக்கத்துப் பிள்ளையோட கரடி பொம்மைதான் வேணும்னு ரகளை. நாளையிலேர்ந்து இங்க வேண்டாம்மா."

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர்! நீங்க பாத்துக்கிறதாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்."

"உங்க பொண்ணு தங்கம். அவளைத் தாராளமா விட்டுட்டுப் போங்க. முதல் நாள் மட்டும் அப்பா அவ கூட உக்காரட்டும்னுதான் சொன்னேன். மனுஷன் ஒரு மாசமா கிளம்பவே இல்ல!"

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கணவன் குட்டி நாற்காலிக்குள் இடுப்பைச் செருகிக்கொண்டு, களிமண் யானைக்குத் தும்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"குடும்பத்துக்கே ஆதரவுன்னு சொல்லித்தானே டீச்சர் சேத்தீங்க? பொண்ணை வேணா நான் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போறேன். இவரை மட்டும் வச்சுக்குங்க!"