தெளிவாக விழுந்த பெண்

நாடகத்தில் தையல்காரியின் மகளுக்கு முதல் வேஷம். நூறு வருஷத்துக்கு முந்தைய கவுன் வேண்டும். நாளைக்குள் தயாராகாவிட்டால் வேஷம் வேறொருத்திக்கு.

மாதிரிக்குப் படம் கிடைக்காமல் தையல்காரி அலைந்து ஓய்ந்தபோது, பழைய சாமான் கடைக்காரர் தன் வீட்டுச் சுவரிலிருந்தே ஒரு குடும்பப் படத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அப்பா, அம்மா, மூன்று பெண்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு வெகுநேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டுமாம். எல்லோரும் கலங்கித் தெரிந்தார்கள். நாற்காலியில் இருந்த மூத்தவள் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தாள். லேஸின் ஓட்டையைக்கூட எண்ணலாம். தைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? அவளுடைய கவுனையே பிடித்துக்கொண்டாள்.

படத்து அம்மாவைத்தான் இவளுக்குப் பிடிக்கவில்லை. மூத்தவளுக்குப் பட்டு, சின்னதுகளுக்கு ஒட்டுப்போட்ட துணி.

கவுனின் முதுகுப் பக்கத்தை ஊசியால் குத்திப் பிடித்து மகளுக்கு அளவு பார்த்தாள்.

"அம்மா, அந்தப் பொண்ணு என்னையே பாக்கறா. படத்தைத் திருப்பி வையேன்."

பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தாள். ஆனால் மகள் அந்தப் பக்கம் போனதும் தானே திருப்பி வைத்தாள்.

இன்னொரு குடைச்சல். படத்துக் கவுனில் கழுத்து தொண்டை வரை, இடுப்பு பிடிப்பு. முன்னால் பொத்தான் இல்லை, பக்கத்தில் கொக்கி இல்லை. அப்படியானால் முதுகில்தான் இருக்க வேண்டும். பழைய சிப்பிப் பொத்தான் கேட்டுப் படத்தோடு கடைக்கே போனாள்.

"அதுல பொத்தானே கிடையாதும்மா" என்றார் கடைக்காரர்.

"பின்ன எப்படிப் போட்டாளாம் மகராணி? கோபிச்சுக்காதீங்கண்ணே, உங்க பாட்டியோ பூட்டியோ, பெத்த பிள்ளைங்ககிட்டயே இப்படி ஓரவஞ்சனை பண்ணியிருக்க வேண்டாம்."

அவர் கோபிக்கவில்லை. படத்தை வாங்கித் துடைத்தார்.

"அந்தப் பட்டு அவங்க கல்யாணத் துணிம்மா. ராத்திரியோட ராத்திரியா வெட்டித் தச்சாங்களாம். முதுகுப் பக்கம் கீழ வரைக்கும் திறந்தே விட்டுட்டாங்க."

"திறந்தேவா? எதுக்கு?"

"கை மடங்கலையே, வேற எப்படிப் போட்டு விடறது? படம் எடுக்கறதுக்கு முதல் நாளே மூத்தவ போயிட்டா. அழுது குலுங்கினதுல மத்தவங்க எல்லாரும் படத்துல கலங்கிட்டாங்க. அவ மட்டும்தான் அசையல."