வச்சிருக்கேன்

முதல் குத்து வாயில்தான் விழுந்தது. அந்த வாய்தானே சொன்னது!

ஹார்டுவேர் கடைக்காரர் ஆணிப் பெட்டிகளோடு சரிந்தார். வெல்டர் விடவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி, தாடையில் இன்னொன்று விட்டான். இரும்பைத் தூக்கிப் பழகிய கை. பல் ஒன்று தெறித்து ஆணிகளுக்கு நடுவே விழுந்தது.

"எங்க அக்காவை வச்சிருக்கேன்னு சொல்லிட்டுத் திரியிறியாமே?"

பஸ்ஸில் இவர் சொன்னாராம். பக்கத்து சீட்டுக்காரன் அதை லாரி டிரைவரிடம் சொன்னானாம். டிரைவர் பெரியப்பா மகனிடம். அவன் மத்தியானம் வெல்டரிடம்.

புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மானமாக வாழ்கிறவள் அக்கா. அவளைப் பற்றி இப்படி ஒரு பேச்சா? வெல்டருக்கு ரத்தம் கொதித்தது. அக்கா வீட்டைத் தாண்டித்தான் வந்தான். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கேட்பது?

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னவோ சொல்ல வந்தார். வெல்டர் மிதித்தான்.

மூச்சு வாங்க நின்றபோதுதான், சொன்னவனிடமே கேட்டுவிடலாமென்று அவனுக்குத் தோன்றியது. நல்ல நேரத்தில் தோன்றியது, போ!

"என்னடா சொன்னே? உன் வாயாலயே சொல்லு!"

சொல்வதற்கு வாய் வேண்டுமே. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. ரத்தமும் எச்சிலும்தான் வந்தன.

பின்னறையில் ஒயர் எடுக்கப் போயிருந்த அக்கா அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கல்லாவுல வச்சிருக்காருடா, பாவி! நான்தான் வேலை கேட்டேன். நீ தாம்தூம்னு குதிப்பேன்னுதான் உங்கிட்ட சொல்லல!"

அந்தக் 'கல்லாவுல' எவன் காதில் விழாமல் போனதோ. ஐயோ, என்ன செய்துவிட்டேன் என்று வெல்டர் சுவரில் சாய்ந்தான்.

அக்கா தரையில் உட்கார்ந்து, கடைக்காரரின் தலையை மடியில் தாங்கி, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ என்ன விஷயம் என்று கேட்டார்கள். முன்னால் நின்றவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"கூடப் பொறந்தவன் சும்மாவா இந்த அடி அடிப்பான்?"

அக்காவின் கை நின்றது. கடைக்காரரின் தலையை மெல்லத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.