பிலாசிமே

உளி கல்லில் உட்கார்ந்தது. சுத்தியல் மேலே போனது. ராமராஜன் அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"கடைசி எழுத்துக்கு ஒத்தக் கொம்பா, ரெட்டக் கொம்பா? அப்பால அழிக்க முடியாதுபா, இது கல்லு."

"ரெட்ட" என்றான் முத்துக்குமார்.

எழுத்து சரிதான். அர்த்தம்தான் பொய்.

தாமல் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில், கறுப்புக் கல்லில் 'ஜான்சன்' என்று ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அதன் கீழே சாக்பீஸில் இன்னொரு சொல்: பிலாசிமே.

"இது என்னா பாஷை? எபிரேயமா?"

"எம்புள்ள பாஷை" என்றார் ஜான்சனின் அம்மா அம்சா.

கடைசி பெஞ்சில் பிறந்த பாஷை அது. ஜான்சனும் முத்துக்குமாரும் சேர்ந்து பெற்றது. முத்துக்குமார் வீட்டில் தறி ஓடுவதால் பெயர்ச்சொல்லைப் புடவை மாதிரியே நெய்தார்கள். உடல், கரை, முந்தானை. என்ன பொருள் என்று உடல் சொல்லும். யாருடையது என்று கரை சொல்லும். அது இப்போது அறைக்குள் இருக்கிறதா, இல்லையா என்று முந்தானை சொல்லும். ஹெச்.ஓ.டி. உள்ளே வந்தால் ஒரு பெயர், வெளியே போனால் வேறு பெயர். ஒருநாள் இரண்டுமே அவர் காதில் விழுந்தன. இரண்டுக்கும் தலையாட்டினார்.

பெயர்ச்சொல்லை முடித்துவிட்டு வினைச்சொல்லுக்குப் போகலாம் என்று இருந்தார்கள். போகவில்லை. அதனால் அந்த பாஷையில் எதுவும் நடக்காது. பொருள்கள் இருக்கும், அல்லது இருக்காது.

பேசத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். போன வருஷத்து டெங்குவுக்குப் பிறகு ஒருவன். ஒருவன் மட்டும் பேசினால் அதற்கு முணுமுணுப்பு என்று பெயர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜான்சன் கடைசியாகத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே சொல். கேட்ட பாஸ்டர், பரிசுத்த ஆவி அருளிய அந்நிய பாஷை என்றார். அர்த்தம் சொல்லும் வரம் தனக்கு அருளப்படவில்லை என்றும் நேர்மையாகச் சொன்னார்.

அடக்கத்தன்று அம்சா முத்துக்குமாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார்.

"உனுக்குத் தெரியும்லபா? என்னா சொல்லிக்கினு இருந்தான் எம்புள்ள?"

"அம்மான்னு அர்த்தம்மா."

அரை நொடியில் சொன்ன பொய். அதன் பிறகு அது தானாகவே வளர்ந்தது. அம்சா சாப்பிட உட்காரும்போது அந்தச் சொல்லைச் சொன்னார். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஆமெனுக்குப் பின்னால் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது கல்லுக்கு வந்திருக்கிறது.

வெட்டுவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் முத்துக்குமார் பஸ் ஏறினான். காஞ்சிபுரத்திலிருந்து தாமல் வரைக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

"ம்மா, அந்த வார்த்தை வந்து..."

"நீ மட்டும் சொல்லலன்னா எனுக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும் கண்ணு." அம்சா அவன் கையைப் பிடித்து, கல்லின் மேல் வைத்தார். வெயிலில் கல் சுட்டது.

"வெட்டட்டுமா, வாணாமா?" என்றார் ராமராஜன்.

"வெட்டுங்க."

சுத்தியல் இறங்கியது. தூள் பறந்தது.

பிலா: குரல். சி: என்னுடைய. மே: இங்கே இல்லை.

மூன்று வருஷமாக, கட் அடித்துவிட்டுப் படத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ஜான்சன் அவன் காதில் போட்டுவிட்டுப் போன சொல். என் பேரைக் கூப்பிட்டா நீ குரல் குடுத்துடு. முத்துக்குமார் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஜான்சனின் கட்டைக் குரலில் அச்சு அசலாக 'ப்ரசென்ட் சார்' சொல்லிவிடுவான்.

ஆஸ்பத்திரியில் ஜான்சன் அதைச் சொல்லிக்கொண்டிருந்த அன்றைக்கு, முத்துக்குமார் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான்.

ராமராஜன் கடைசி எழுத்தின் தூளை ஊதிவிட்டு ஒதுங்கினார்.

அம்சா மண்டியிட்டார். வெட்டின எழுத்துகளுக்குள் விரலை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். பிறகு, பக்கத்து அறையில் தூங்குகிறவனை எழுப்புவது போலக் கூப்பிட்டார்.

"ஜான்சா."

ஏரிக்காற்று நின்றிருந்தது.

"டேய் ஜான்சா."

முத்துக்குமார் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். விரலிடுக்கு வழியாக அந்தக் கட்டைக் குரல் வந்தேவிட்டது.

"ம்மா."

ராமராஜன் கையிலிருந்த உளி கீழே விழுந்தது.

அம்சா திரும்பிப் பார்க்கவில்லை. கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டார்.

"சாப்ட்டியாபா?" என்று கேட்டார்.