இருமாத இஞ்சின்

ஒரு வள்ளத்தின் சத்தம் வந்தது.

அவனுடையது இல்லை. அவனுடையதாகவும் இருக்கலாம்.

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மணல்மேட்டுக்கு அப்பால் இருக்கும் கடல் அங்கிருந்து தெரியாது. சத்தம் மட்டும்தான் வரும். இத்தனை வருஷமும் அதுவே போதுமாக இருந்தது.

அவள் புருஷன் தொம்மையின் வள்ளம் வருவது தெருவுக்கே தெரியும். நாலு தட்டுத் தட்டி ஒரு முறை இருமும் அந்தக் கிழட்டு இஞ்சின்.

“ஏட்டி, ஒம் மாப்பிள்ள இருமிட்டு வாராரு. அரிசியப் போடு” என்று அடுத்த வீட்டுப் பிரகாசி கேலி செய்வாள். அவளும் சிரித்துக்கொண்டே போடுவாள். சோறு வடிப்பதற்குள் அவன் வாசலில் நிற்பான்.

போன வாரம் முற்றத்தில் சாக்கை விரித்து இருவருமாக இஞ்சினைப் பிரித்தார்கள். காற்றிலேயே சூடு ஆறுகிற இஞ்சின். உடம்பெல்லாம் செதில் செதிலாகத் தகடு. இடுக்குகளில் உப்பும் கசடும் அடைத்துக் கிடந்தன. அவள் ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தாள். மீனுக்குச் செதில் எடுக்கிறவளுக்கு இதென்ன பெரிய வேலை.

அவன் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரிங்கோடு ஓரமும் தேய்ந்திருந்தது.

“இதையும் மாத்திரணும்.”

“ரிங்க மட்டும் மாத்துங்க. இது இன்னும் ஓடும்” என்றாள்.

மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாதம். பழைய பிஸ்டனில் புது ரிங்கை மாட்டிப் பூட்டினான்.

சுழற்றியதும் பிடித்துக்கொண்டது. இருமவே இல்லை. அவளுக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

அந்த இருமல் இல்லாமல், இன்று எல்லா வள்ளமும் ஒரே மாதிரி கேட்டன.

மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறிக்கொண்டிருந்தது. உலை கொதித்து வற்றியது. மறுபடி தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினாள். வேறு யாரோ வந்தார்கள்.

பிறகு சத்தம் வருவதே நின்றுபோனது.

மணல்மேட்டில் ஏறினாள். பிரகாசியும் பின்னாலேயே வந்தாள். கரையில் தொம்மையின் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் ஓடும் என்று சொன்ன வாய். அதில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

காற்று கொஞ்சம் தணிந்தது.

வெகு தூரத்தில், நாலு தட்டு. ஒரு இருமல்.

ரிங் போய்விட்டது. போட்ட காசும் போயிற்று. அவள் வாய்விட்டு அழுதாள்.

மூன்று தட்டு. ஒரு இருமல்.

“இருமு” என்றாள். “இருமிக்கிட்டே வா, ராசா.”

இரண்டு தட்டு.

கண்ணை எடுத்தால் சத்தம் அறுந்துவிடும் என்று பயந்தாள். திரும்பாமலே கத்தினாள்.

“பிரகாசி, போய் அரிசியப் போடுட்டி!”