தலைகீழாக நட்ட எலுமிச்சைப்புல்

தோங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டே எட்டு வைத்த அவன் தாய்மாமன், விகாரை முற்றத்துச் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தான்.

துறவியாகப் போகிற தோங்குக்குத் தலையோடு புருவத்தையும் மழித்திருந்தார்கள். தடுக்க எதுவும் இல்லாததால் மழைத்தண்ணீர் நேரே கண்ணுக்குள் இறங்கியது.

மணி எட்டு முப்பது. நல்ல நேரம் ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு. அதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தை மூன்று முறை சுற்றியாக வேண்டும்.

கடலோர ஊரான ரனோங்கில் வருஷத்துக்கு எட்டு மாதம் மழை. ஜூலையில் பெய்வதை மழை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கடல் எழுந்து நின்று மலையைப் பார்க்க நடந்து வருகிறது. அது தானாக நிற்கும் என்று அங்கே கூடியிருந்த ஒருவரும் நம்பவில்லை.

ஆகவே எலுமிச்சைப்புல் பேச்சு வந்தது.

கன்னிப் பெண் ஒருத்தி எலுமிச்சைப்புல்லைத் தலைகீழாக நட்டால் மழை நிற்கும். நிற்காவிட்டால் குற்றம் புல்லுடையது அல்ல.

"பிகுன் இருக்கும்போது என்ன கவலை?" என்றாள் கருவாட்டுக்கடை யுபின், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நாப்பத்திரண்டு வருஷமா பத்திரமா வச்சிருக்கா. அவ நட்டா மழை என்ன, கடலே நின்னுடும்!"

குடைகள் எல்லாம் பிகுன் பக்கம் திரும்பின.

பிகுன் தோங்கின் அத்தை. படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். கல்யாணம் ஆகாதவள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் யுபின் சொன்ன அந்தத் தகுதி நாலு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது அவளுக்குத் தெரியும்; அக்கரைக்குப் படகு ஓட்டும் கம்ரோனுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்றுதான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிகுனின் அப்பாவும் படகுக்காரர். அதனாலேயே, படகுக்காரன் என்றால் அம்மா லமுனுக்கு ஆகாது.

இப்போது நட்டு, மழை நிற்காமல் போனால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் துறை முழுக்க அவள் பெயர் நாறிவிடும்.

"எனக்கு முட்டி வலிக்குதும்மா" என்று ஆரம்பித்தாள்.

"முட்டியாலயா நடப் போற? போய்ப் புல்லைப் பிடுங்கிட்டு வா" என்றாள் லமுன்.

விகாரையின் அடுக்களைக்குப் பின்னால் ஒரு புதர் இருந்தது. பிகுன் ஒரு தண்டைப் பிடுங்கி வந்தாள்.

லமுன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நோஞ்சான். வேற கொண்டா."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மீன் குழம்பு இன்னும் வந்து சேரவில்லை. சமையல்காரிக்குத்தான் அர்ச்சனை நடக்கிறது என்று பிகுன் நினைத்தாள்.

இரண்டாவது தண்டு நல்ல மொத்தமாக இருந்தது.

"கையைக் கழுவினியா? பூண்டு நாத்தம் அடிக்குது."

"மழையிலதாம்மா நிக்கிறேன். இதுக்கு மேல எங்க போய்க் கழுவ?"

"எதுத்துப் பேசாத. தொட்டித் தண்ணியில கழுவு."

கழுவி வந்தாள். அம்மா மறுபடியும் போனில் இருந்தாள். வந்ததும், இங்கே நட்டால் கூரை மறைக்கிறது, வானம் தெரிகிற இடத்துக்குப் போ என்றாள். பிகுன் நகர்ந்தாள். குடைகளும் நகர்ந்தன. பெற்ற தாய் இப்படியா நாலு பேர் முன்னால் நிற்கவைத்து வதைப்பாள் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"என்னக்கா, பொண்ணு கை இப்படி நடுங்குது?" என்றாள் யுபின்.

"குளுருது. எல்லாம் உன் நாக்கு மாதிரி எந்நேரமும் சூடாவா இருக்கும்?" என்றாள் லமுன்.

எட்டு ஐம்பத்தேழு. லமுன் போனில் யாரோ சொல்வதை வெகுநேரம் கேட்டாள். "சரி, சரி" என்றாள். பிறகு திரும்பினாள்.

"ம். இப்ப நடு."

பிகுன் குனிந்து, புல்லின் தலையைச் சேற்றுக்குள் அழுத்தினாள். வேர் வானத்தைப் பார்த்து நின்றது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல், யுபினுக்கு உடனே வயிறு கலக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மழை வலுத்தது.

யுபின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

தகரக் கூரையின் மேலைக் கோடியில் சத்தம் மெலிந்தது. பிறகு நடுக்கூரையில். பிறகு தலைக்கு மேலேயே. அலையாத்திக் காட்டுக்கு அப்பால் கழிமுகம் துலங்கி, அக்கரை மலைகள் குளித்துவிட்டு வந்தவை போல வரிசையாக நின்றன.

மேளக்காரர்கள் மேளத்தின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்து எறிந்தார்கள். ஊர்த்தலைவர் பிகுனைப் பார்த்துக் கைகூப்பினார். என் மகள் கல்யாணத்துக்கும் நீதான் வந்து நடணும் என்றாள் யுபின், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

நாலு வருஷமாக நடந்ததெல்லாம் நடந்ததுதானா என்று பிகுனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

தோங் மறுபடியும் மாமன் தோளில் ஏறினான். தாமரைத் தட்டைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், லமுன் போனை மகள் கையில் திணித்துவிட்டு ஊர்வலத்தோடு போனாள்.

முதல் சுற்று முடியுமுன் அது அடித்தது.

திரையில் 'மாப்பிள்ளை' என்று வந்தது.

லமுனுக்கு இருப்பது ஒரே மகள்.

பிகுன் போனைக் காதில் வைத்தாள். படகு எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே கம்ரோனின் குரல்.

"அம்மா, இன்னும் முகத்துவாரத்துலதான் நிக்கிறேன். சொன்ன நேரத்துக்கு நின்னுடுச்சா? சட்டுனு சுத்தி முடிக்கச் சொல்லுங்க, தீவுப் பக்கம் அடுத்தது கருத்துக்கிட்டு வருது. இருபது நிமிஷந்தான்." குரல் தாழ்ந்தது. "பிகுனுக்கு ஒண்ணும் சந்தேகம் வரலையே?"