எழும்பாத நாற்காலி

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் கிருபாமலர், வேலை முடிந்து வந்ததும் வீட்டு மேசைக் கணினியில் ஒரே விளையாட்டைத்தான் விளையாடுவாள். அதில் ஓர் அலுவலகக் காத்திருப்பு அறை. நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தன் வரிசை எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனால் விளையாட்டு முடிந்துவிடும். அவள் ஒருநாளும் எழும்பியதில்லை.

"சரியா போரடிக்குது, அம்மா. கூப்பிட்டாப் போங்கோவன்," என்றாள் மகள் ஷாரன்.

"நாள் முழுக்கக் கூப்பிட்ட கூப்பிட்ட பக்கம் ஓடுறன். இங்கையாவது இருக்க விடு."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எண் கூப்பிடப்படவில்லை. கதவு திறந்து, அதுவரை காணாத ஒரு பெண் வெளியே வந்தாள். அந்த விளையாட்டில் டேனிஷ் மட்டும்தான் உண்டு. ஆனால் அவள் தமிழில், "கிருபாமலர், வாங்கோ. உங்கட நேரம் முடிஞ்சுது," என்றாள்.

ஷாரன் பயந்துபோய் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். திரை அணையவில்லை.

கிருபாமலரோ திரைக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"வரமாட்டன். எனக்கு இன்னும் அலுக்கேல்லை."

அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு வந்து, விளையாட்டில் கிருபாமலருக்குப் பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்து, சப்பாத்துகளைக் கழற்றினாள்.